உண்டது உடலில் சேரும் வழி

உணவு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன நாவும் வயிறுமே. சுவை நாவில் முடிகிறது. பசி வயிற்றில் தணிகிறது. ஆதலின் உண்ணுதல் என்னும் செயல் அவ்விரண்டோடு நிறைவுற்றதாக நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் உடலியல் கூறும் உண்மை வேறு. வாய் முதல் எருவாய் வரை செல்லும் உணவுப் பாதை, உடலின் ஊடே அமைந்த ஒரு நீண்ட வீதியைப் போன்றது. அவ்வீதியில் செல்லும் பொருள் இன்னும் உடலுக்கு உரியதாகிவிடவில்லை. குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கும்போதுதான் உண்டது உடலில் சேர்கிறது. அச்சுவர் பணிபுரியும் முறையையும், அது பழுதுறும்போது நேரும் கேட்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செரிமானம் இரைப்பையோடு முடிவதில்லை என்பதை முன்னோரும் உணர்ந்திருந்தனர். இப்னு சீனா (980–1037) தமது மருத்துவப் பெருநூலான 'அல்கானூன்' என்பதில், கிரேக்க மருத்துவர் கேலனின் வழிநின்று, உணவின் மாற்றம் இரைப்பையில் தொடங்கி ஈரலிலும் நாளங்களிலும் பின்னர் உறுப்புகளிலும் படிப்படியாகத் தொடர்வதாக விளக்கினார். அப்படிகளின் விவரங்களை இன்றைய அறிவியல் மாற்றி எழுதியுள்ளது. எனினும், உண்டது உறுப்பைச் சென்றடையும் வரை செரிமானம் முற்றுப்பெறுவதில்லை என்ற கருத்து இன்றும் ஏற்கத்தக்கதே.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள திருப்புட்குழியில் ஒருவர் நண்பகலில் சோறும் பருப்புக் குழம்பும் கீரையும் உண்கிறார் எனக் கொள்வோம். சோற்றின் மாவுச்சத்தை உமிழ்நீரில் உள்ள நொதி வாயிலேயே சிதைக்கத் தொடங்குகிறது. நன்கு மென்று உண்பதன் பயன் இதுவே. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் பருப்பின் புரதத்தைச் சிதைக்கின்றன. உணவோடு வந்த கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அமிலம் அழிக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதவாறு ஒரு சளிப்படலம் காக்கிறது. அக்காப்பு குலையும்போது புண் உண்டாகிறது. காரமும் கவலையுமே குடற்புண்ணிற்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரே முதன்மைக் காரணம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் நிறுவினர்; அதற்காக 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். சில வலிநீக்கி மாத்திரைகளை இடைவிடாது உட்கொள்வது மற்றொரு முக்கியக் காரணமாகும்.

இரைப்பையிலிருந்து கூழாக வெளிவரும் உணவைச் சிறுகுடல் ஏற்கிறது. கணையநீர் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் சிதைக்கிறது. ஈரல் சுரக்கும் பித்தநீர், தாளிப்பில் சேர்ந்த எண்ணெயைச் சிறு துளிகளாக்கித் துணைசெய்கிறது. சோறு குளுக்கோஸாகவும், பருப்பு அமினோ அமிலங்களாகவும் மாறியபின் உறிஞ்சுதல் நிகழ்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் எண்ணிறந்த விரல் போன்ற நீட்சிகள் உள்ளன. இவையே குடலுறிஞ்சிகள். இவற்றாலும் இவற்றின் மேலுள்ள நுண்ணிழைகளாலும் குடலின் உட்பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டராக விரிகிறது. இவற்றைப் போர்த்துள்ள உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாகின்றன. கீரையின் நார், பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

இனி நீர்க்கணக்கைக் காண்போம். ஒருவர் நாள்தோறும் அருந்துவதும் உணவில் கொள்வதும் ஏறத்தாழ 2 லிட்டர் நீர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என உடலே சுரந்து குடலில் விடுவது மேலும் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. எஞ்சியவை அனைத்தையும் குடல் மீட்டுக்கொள்கிறது. இம்மீட்பு தடைப்படுவதே வயிற்றுப்போக்கு. காலராவில் நுண்ணுயிரின் நச்சு, குடற்சுவரை இடையறாது நீரைக் கொட்டச் செய்கிறது. கடுமையான நிலையில் மணிக்கு 1 லிட்டர் வரை இழப்பு நேர்ந்து, சில மணி நேரத்தில் உயிர் பிரியக்கூடும்.

ஆயினும் அந்நிலையிலும் ஒரு வாயில் அடைபடுவதில்லை. குளுக்கோஸும் உப்பின் சோடியமும் இணைந்தே குடற்சுவரைக் கடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இந்த இணைக்கடத்தலை ராபர்ட் கிரேன் 1960இல் முன்மொழிந்தார். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையில் அமைந்த பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. இரத்தநாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது.

நோயுற்றவர் உண்ணாதிருப்பதே நலம், நீர் அருந்தினால் போக்கு மிகும் என்ற தவறான எண்ணம் நம்மிடையே இன்றும் உண்டு. இதனை விடுத்தல் வேண்டும். 1 லிட்டர் தூய நீரில் தட்டையாக அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இதனினும் சிறந்தது. அளவு பிறழலாகாது. உப்பு மிகுந்தால் தீங்கு. சர்க்கரை மிகுந்தால் போக்கு பெருகும். குழந்தைக்குத் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. மருத்துவர் கூறும் அளவில் துத்தநாக மாத்திரையும் தருதல் வேண்டும். கண் குழிதல், சிறுநீர் அற்றுப்போதல், மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியன தோன்றின் உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

நீரிழப்பு ஒரே நாளில் உயிர்கொள்ளும் கேடு. ஆண்டுக்கணக்கில் மெல்ல வருத்தும் கேடு மற்றொன்று உண்டு. மேற்கூறிய நெடுஞ்சாலையிலேயே மேற்கு நோக்கிச் சென்றால் வேலூரை அடைகிறோம். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களான செல்வின் பேக்கரும் வி. ஐ. மத்தானும், 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டச் சிற்றூர்களில் பரவிய 'வெப்பமண்டல ஸ்புரூ' என்னும் நோயை ஆராய்ந்தனர். நீடித்த பேதி, நாப்புண், உடல் மெலிவு, இரத்தசோகை என்பன அதன் அடையாளங்கள். குடலுறிஞ்சிகள் சிதைந்துவிடுவதால், கொழுப்பும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் உடலில் சேராமற் போயின. இலையில் சோறு இருந்தும் உடல் பட்டினி கிடந்தது. நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமிலமும் பலருக்குக் குணமளித்தன.

அவ்வாய்வுகளில் புலப்பட்ட பிறிதோர் உண்மை இன்னும் கருதத்தக்கது. நலமுடன் இருப்பதாகக் கருதப்பட்ட எளிய மக்களின் குடலுறிஞ்சிகளும் மேலைநாட்டாருடையவற்றைவிடக் குட்டையாகவும் அகன்றும் இருந்தன. இது பிறவிக் குறையன்று. மேலைநாட்டிலிருந்து வந்து வெப்பமண்டல நாடுகளில் வாழ்ந்தோரிடமும் இத்தகைய மாற்றம் தோன்றியது. தாய்நாடு திரும்பியபின் மறைந்தது. மாசுற்ற நீராலும் மண்ணாலும் கிருமிகள் இடையறாது உட்செல்வதே இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. போதிய உணவு கொடுத்தும் குழந்தை வளரவில்லையெனத் தாய் வருந்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

இதற்குத் தீர்வு எளிதன்று. வங்கதேசத்திலும் கென்யாவிலும் நிகழ்ந்து 2018இல் வெளியான பெரும் ஆய்வுகளில், எளிய கழிப்பறையும் கைகழுவலும் நீர்த்தூய்மையும் மட்டும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை எனத் தெரியவந்தது. வீட்டளவில் செய்யும் சிறு சீர்திருத்தம் போதாது, ஊர் முழுவதன் நீரும் நிலமும் தூய்மையுறல் வேண்டும் என்றே அறிஞர் பலர் இதிலிருந்து முடிவு கொள்கின்றனர். குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்குக் காரணமான ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து, 2016 முதல் இந்தியத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. இம்மருந்தைச் சோதித்த ஊர்களுள் வேலூரும் ஒன்று.

செரிமானத்தைத் தனி மனிதரின் உணவுக் கட்டுப்பாடாக மட்டுமே கருதுதல் குறையுடைய நோக்காகும். அளவறிந்து உண்பதும் மென்று உண்பதும் நம் கையில் உள்ளன. ஆனால் குடற்சுவர் நலமுற நிற்பது, நாம் அருந்தும் கிணற்று நீரையும் அண்டை வீட்டார் கழிவு சென்று சேரும் இடத்தையும் பொறுத்தது. பசித்தவருக்குச் சோறிடுவது அறம். அச்சோறு அவர் உடலில் சேருமாறு ஊரின் நீரைக் காப்பதும் அவ்வறத்தின் பகுதியே எனக் கொள்ளல் தகும்.