உளுந்தூர்பேட்டை ஷூவுக்கு எட்டாத சலுகை

2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த உளுந்தூர்பேட்டையில் காலணி ஆலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 2,302 கோடி ரூபாய், வேலை 20,000 பேருக்கு. செய்யாறு சிப்காட்டில் இன்னொரு தைவான் நிறுவனம் ஏற்கெனவே நைக்கிக்கு ஷூ தயாரிக்கிறது. நிலமும் ஆளும் உள்ள விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்குக் கைகூடக்கூடிய தொழில் இதுதான். ஆனால் ஏழை நாடுகளின் தொழில் வளர வேண்டும் என்று 1968 புதுடெல்லி மாநாட்டில் முடிவாகிப் பின்னர் பணக்கார நாடுகள் தந்த ஜி.எஸ்.பி. வரிச்சலுகை இந்தத் தொழிலைத்தான் தள்ளி வைத்தது. அமெரிக்கா தன் 1974 சட்டத்திலேயே துணிமணியையும் பெரும்பாலான காலணிகளையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. எதை மலிவாகச் செய்ய முடியுமோ, அதற்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

சலுகை இல்லாமலேயே ஆலை வருகிறதே என்று கேட்கலாம். சீனாவில் கூலி ஏறியதால் வருகிறது. அமெரிக்கச் சந்தையில் போட்டியாளரான வியட்நாமுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே தோல் ஷூவுக்குப் பொது வரி 8 சதவீதம். சலுகையில் அது 4.5 ஆகும். வங்கதேசத்துக்கோ பூஜ்யம். அந்த மூன்றரை சதவீதத்துக்கும் நிபந்தனை உண்டு: ஷூவின் மேல்பகுதியை உள்சோலோடு பொருத்திய நிலையில் வெளிநாட்டிலிருந்து வாங்கி, இங்கே அடிசோல் மட்டும் ஒட்டினால் அது இந்தியப் பொருளாகாது. பெரிய ஆலை சமாளிக்கும். சிறு பட்டறைக்காரர் அந்தக் காகித வேலைக்கு ஆள் வைப்பாரா என்ன?

கொடுத்த கை எடுக்கவும் செய்யும். இந்தியச் சந்தையில் தனக்கு உரிய இடம் இல்லையென்று சொல்லி, 2019 ஜூன் 5 அன்று அமெரிக்கா நம் சலுகையை ரத்து செய்தது. 560 கோடி டாலர் ஏற்றுமதிக்கு அந்தச் சலுகையால் மிச்சமான வரி வெறும் 19 கோடி டாலர் என்று அப்போது மத்திய வர்த்தகத் துறையே கணக்குச் சொன்னது. எனவே சலுகைக்காகக் கையேந்துவதைவிடப் பேரம் பேசுவதே மேல் என்பேன். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம், 16 சதவீதம் வரை இருந்த காலணி வரியை நீக்க இசைகிறது. சும்மா அல்ல, ஸ்காட்ச் விஸ்கிக்கான 150 சதவீத வரியை நாம் முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் ஷூ மீதான வரியை பிரிட்டன் மறுபடி ஏற்ற நினைத்தால், விஸ்கி விற்பவர்கள் அங்கேயே அதை எதிர்ப்பார்கள்.