பல்லை இறக்கினால் பூ விரியும்

வீட்டில் இருக்கும் சாதாரணத் தையல் மெஷினிலேயே ரஜாயின் மேல் பூவும் கொடியும் ஓட்டலாம். புது மெஷின் வேண்டாம், கைப்பழக்கம் போதும். மும்பைத் தமிழ்ப் பெண்களுக்கு இதில் ஒரு வருமானமும் இருக்கிறது, உழைத்த நேரத்துக்கு விலை போடத் தெரிந்தால்.

மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள், செம்பூரின் ஹவுஸிங் சொசைட்டி ஃபிளாட்டுகள், தாராவியின் பத்துக்குப் பத்து அறைகள். மும்பைத் தமிழர்களின் இந்த மூன்று உலகங்களுக்கும் பொதுவான பொருள்கள் அதிகம் இல்லை. இட்லிப் பானை ஒன்று. தையல் மெஷின் இன்னொன்று. உஷா, சிங்கர், மெரிட் என்று பெயர் மாறலாம்; தாராவியில் அது சோறு போடுவதாகவும், மாட்டுங்காவில் துணி போர்த்தி மூலையில் நிற்பதாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று இடத்திலும் அது செய்வது ஒரே காரியம்: நேர்கோட்டில் தைப்பது.

அதே மெஷின் கோணல்மாணலாகவும் ஓடும். வளையும், சுழலும், இலை போடும், பூ போடும். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கை ஒன்றாகப் பிடித்துத் தைக்கும் ரஜாயின் மேல் பென்சிலால் கிறுக்குவதுபோல நூலால் கிறுக்கலாம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களின் பொழுதுபோக்காகிவிட்ட இந்த வேலைக்கு அங்கே 'ஃப்ரீ மோஷன் க்வில்டிங்' என்று பெயர். அதற்கென்றே பல லட்ச ரூபாய் விலையில் நீண்ட கை வைத்த பிரத்யேக மெஷின்கள் விற்கின்றன. அவை இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதுதான் விஷயம்.

ஓய்வு பெறும் பற்கள்

சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவது மெஷினின் வேலை. ஊசித் தகட்டின் பிளவுகள் வழியே எட்டிப் பார்க்கும் இரும்புப் பற்கள் மேலே எழும்பி, துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளி, கீழே இறங்கி, மீண்டும் முன்னால் வருகின்றன. அமெரிக்கரான ஆலன் வில்ஸன் 1854-ல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு இன்றைக்கும் மாறவில்லை. தையல் ஒரே அளவாகவும் நேராகவும் விழுவது அதனால்தான்.

ஃப்ரீ மோஷன் என்பது அந்தப் பற்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுவது. பல் இறங்கியதும் மெஷினுக்கு மிஞ்சும் வேலை, ஊசியை மேலும் கீழும் குத்துவது மட்டுமே. துணி எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை இரண்டு உள்ளங்கைகளும் தீர்மானிக்கின்றன.

இதில் புதுமை எதுவுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கால் மெஷினில் எம்பிராய்டரியும் லேஸும் போடுவது எப்படி என்று சிங்கர் கம்பெனி புத்தகமே போட்டது. நம் ஊர்த் தையல் வகுப்புகளில் 'மெஷின் எம்பிராய்டரி' என்ற பெயரில் பல காலமாகச் சொல்லித் தருவதும் இதே வித்தைதான்: பல்லை இறக்கி, ஃபுட்டைக் கழற்றி, துணியை வட்ட ஃபிரேமில் இறுக்கிக் கையால் ஓட்டுவது. மும்பையின் எம்பிராய்டரி பட்டறைகளில் இப்படி ஓட்டிப் பழகிய கைகள் ஏராளம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின்கள் வந்த பிறகு அந்தக் கைகளுக்குக் கிராக்கி குறைந்தது.

மேல்நாட்டிலும் மெஷின் வேலைக்கு மதிப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. கையால் தைத்தால்தான் க்வில்ட் என்ற பிடிவாதம் வெகுகாலம் இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடக்கும் பெரிய போட்டியில், மெஷினில் க்வில்ட் செய்யப்பட்ட ஒரு படைப்பு முதல் முறையாக உச்சப் பரிசை வாங்கியது 1989-ல்தான். சூரிய கிரகணத்தைத் துணியில் கொண்டுவந்த கேரில் பிரையர் ஃபாலர்ட் அதைச் செய்தவர்.

குளிர் இல்லாத ஊரின் கோதடி

தமிழ்நாட்டில் ரஜாய் மரபு பெரிதாக இல்லாததற்குக் காரணம் வெயில். ஆனால் மும்பைக்கு வந்த தமிழர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே அது கிடைத்தது. பழைய புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு மராட்டியப் பெண்கள் செய்யும் கோதடியில் பஞ்சே கிடையாது. புடவைதான் மேலும் உள்ளும். வங்காளத்துக் காந்தா, பிகாரின் சுஜனி, வட கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி எல்லாம் இதே குடும்பம். பழந்துணியைத் தூக்கிப் போடாத சிக்கனத்தில் பிறந்தவை.

தாராவியில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆயத்த ஆடைப் பட்டறைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியை அங்கே 'சிந்தி' என்பார்கள். அதைப் பொறுக்கி, தரம் பிரித்து விற்பதே ஒரு தொழில். துணியால் பேச முடியும் என்பதையும் தாராவிப் பெண்கள் ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, 2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தாராவியில் மூன்று வாரக் கலைவிழா நடத்தியது. அதற்காக எம்பிராய்டரி கலைஞர் சூஸி விக்கரியுடன் சேர்ந்து, பெண்கள் மீதான வன்முறையைக் காட்டும் தாராவி வரைபடம் ஒன்றைத் துணியிலேயே உருவாக்கினார்கள். 'மேப்பிங் தி ஹர்ட்' என்பது அதன் பெயர்.

ஒரு நொடிக்கு ஓர் அங்குலம்

கற்றுக்கொள்வது எப்படி? முதலில் மெஷின். கைப்பிடி சுற்றும் மெஷின் உதவாது. ஒரு கை அதற்கே போய்விடும். கால் மெஷினோ, மோட்டார் மாட்டியதோ வேண்டும். சில மெஷின்களில் பல்லை இறக்கக் குமிழ் இருக்கும். இல்லாவிட்டால் பல்லை மூடத் தகடு கிடைக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும். பல் எழும்பி இறங்குமே தவிர, துணியைத் தள்ளாது. அடுத்தது, 'டார்னிங் ஃபுட்' என்ற ஸ்பிரிங் வைத்த ஃபுட். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற செலவு. ஃபுட் இல்லாமல் ஃபிரேமில் தைப்பவர்கள் உண்டு. ஆனால் ஊசிக்கும் விரலுக்கும் நடுவே அது ஒரு காவல் என்பதால், புதிதாகப் பழகுகிறவர்கள் அதை மாட்டிக்கொள்வதே நல்லது.

முதல் நாள் நூறில் தொண்ணூறு பேருக்கு நேர்கிற விபத்து ஒன்று உண்டு. நாலு தையல் ஓடியதும் அடியில் நூல் பந்துபோலச் சுருண்டு மெஷின் நின்றுவிடும். உடனே பாபினைச் சபிப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஃபுட்டைத் தூக்கி இறக்கும் நெம்புகோல். அது மேலே இருந்தால் டென்ஷன் தகடுகள் திறந்தே இருக்கும். மேல்நூலுக்குப் பிடிமானமே இருக்காது. டார்னிங் ஃபுட் துணியை அழுத்தாமல் மேலே மிதப்பதால், நெம்புகோலை இறக்க மறந்ததே தெரிவதில்லை. அதை இறக்கி, பாபின் நூலை ஒரு குத்தில் மேலே இழுத்து, இரண்டு நூலையும் விரலால் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் மூன்று நான்கு சிறு தையல் போட்டுத் தொடங்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதி, காலையும் கையையும் சேர்ப்பது. கணக்கு எளிது. மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் ஓடினால் நொடிக்குப் பத்து. அங்குலத்துக்குப் பத்துத் தையல் அழகான அளவு. ஆக, கை நொடிக்கு ஓர் அங்குலம் நகர வேண்டும். கால் மெதுவாக மிதித்தால் கையும் அதே விகிதத்தில் மெதுவாக வேண்டும். கை முந்தினால் தையல் நீண்டு, கால்விரல் மாட்டுகிற அளவுக்கு லூஸாகத் தொங்கும். கை தயங்கினால் தையல் ஒரே இடத்தில் குவியும். வளைவில்தான் சோதனை. திரும்பும்போது கை தன்னையறியாமல் வேகமெடுக்கும், கால் தயங்கும். அடித்துணியில் நூல் கண்ணிமை மயிர்போல விசிறி நிற்கும். மேல் டென்ஷனைச் சற்று இறுக்குவதும், வளைவில் கையை நிதானப்படுத்துவதும் அதற்கு மருந்து. துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி தகட்டில் மோதி முறியும். மூன்று அடுக்குக்கு 14-ஆம் நம்பர் ஊசி ஏற்றது.

பழக ஒரு முழு ரஜாய் தேவையில்லை. பழைய பருத்திப் புடவையைக் கோதடிபோல நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓரடிச் சதுரத் துண்டுகளாக வெட்டி, நான்கு அங்குல இடைவெளியில் ஊக்கு குத்திக்கொண்டால் போதும். தினம் கால் மணி நேரம் என்று சில வாரம் ஓட்டினால் கைக்கும் காலுக்கும் சமாதானம் ஏற்பட்டுவிடும்.

கோலம் போட்ட கை

எந்த டிசைனை ஓட்டுவது என்ற கேள்விக்கு அமெரிக்கப் புத்தகங்கள் முதலில் காட்டுவது, தன்னையே வெட்டாமல் வளைந்து வளைந்து போகும் கோடு. ஜிக்ஸா புதிர் துண்டுகளின் ஓரம்போல இருக்கும். நல்ல க்வில்டிங் டிசைனின் லட்சணம் ஒன்றே: நூலை அறுக்காமல் நீண்ட தூரம் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு முன்கூட்டிய சாதகம் உண்டு. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடித் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் சிக்குக் கோலம் இந்த இலக்கணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த இழையின் ஒழுங்கு கணிதக்காரர்களையே ஈர்த்திருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் எழுபதுகளில் கோலங்களைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக ஆராய்ந்தார்கள். தையல் சாக்கால் துணியில் புள்ளி வைத்து, இழையை ஊசியின் கீழ் ஓட்டிப் பார்க்கலாம். வித்தியாசம் ஒன்றுதான்: வாசலில் கை நகர்கிறது, தரை நிற்கிறது, இங்கே 'மாவு' விழும் இடம் நிற்கிறது, தரை நகர்கிறது. முதலில் காகிதத்தில் பென்சிலை எடுக்காமல் பத்து முறை போட்டால் பாதை மனதில் பதிந்துவிடும்.

இடம் இன்னொரு சங்கடம். சாதாரண மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே சுமார் ஏழு அங்குலம்தான் இருக்கும். டபுள் காட் ரஜாயைச் சுருட்டி அதற்குள் திணித்து ஓட்டுவது மல்யுத்தம். பத்துக்குப் பத்து அறையில் அது இன்னும் கடினம். சிறு சதுரங்களாக முடித்துப் பிறகு இணைப்பதும், குழந்தைகளுக்கான சின்ன ரஜாய்களில் தொடங்குவதும் புத்திசாலித்தனம்.

என்ன விலை போடுவது?

அடுத்து வருவது பணம். மூன்றுக்கு நாலடி குழந்தை ரஜாயில் அரை அங்குல இடைவெளியில் கோடு ஓட்டினால் மொத்த நீளம் சுமார் 3,450 அங்குலம். நொடிக்கு ஓர் அங்குலம் என்றால் மெஷின் ஓடும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மேல்நூலும் அடிநூலுமாகச் சுமார் 250 மீட்டர் நூல். ஆனால் துணி வெட்டி, துண்டுகளை இணைத்து, மூன்று அடுக்கையும் ஊக்கு குத்தி, கையைக் கால் மணிக்கொருமுறை ஓய்வு கொடுத்து, கடைசியில் நாலு பக்கமும் பட்டி அடிக்க அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும். வியாபாரி பீஸ் ரேட் பேசும்போது கண்ணில் படுவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற மணிகளை எழுதி வைத்துக் காட்டுவது தைப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களின் உரிமைக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. கிடைக்கிற உதவியில் ஒன்று, 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம். அதன் 18 தொழில்களில் தையலும் உண்டு. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், பிறகு இரண்டு தவணையாக மூன்று லட்சம் வரை ஐந்து சதவீத வட்டியில் கடன் என்பது திட்டம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

தாராவிக்குக் கவலை இன்னும் ஒன்று அதிகம். 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். சிந்தி விற்பவரும் ஆர்டர் கொடுப்பவரும் இருக்கும் சந்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

யந்திரங்களின் விரோதி என்று பெயரெடுத்த காந்தி, 1924-ல் தன்னைப் பேட்டி கண்ட சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரனிடம் ஒரு விதிவிலக்கு சொன்னார். சிங்கர் தையல் மெஷின். மனைவியின் சிரமத்தைக் குறைக்க அன்பினால் செய்த யந்திரம் என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாணவர்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சிரமத்தைக் குறைக்கும் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து உழைப்பவருக்கு நியாயமான கூலி வந்து சேர வேண்டும். அதற்கு, கையோடு கணக்கும் பழக வேண்டியிருக்கிறது.