வெட்டுவதும் விட்டுவைப்பதும்

சிறுகதை எழுத விழையும் இளம் உள்ளங்கள் நம்மிடையே ஏராளம். எழுதி முடித்த சூட்டோடு அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடும் அவசரமும் அவர்களிடம் ஏராளம். கதை பிறப்பது முதல் எழுத்தில். அது ஆளாவது திருத்தத்தில். திருத்தம் என்பது பிழை நீக்குவதா? நீளத்தைக் குறைப்பதா? இவ்விரண்டிலும் அது முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் அனுபவம் சான்றாக விளங்குகிறது.

ஆசிரியர் தந்த சாவி

மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1938-ஆம் ஆண்டு ஒரிகன் மாநிலத்தில் பிறந்தவர் கார்வர். இருபது வயதிலேயே இரு குழந்தைகளுக்குத் தந்தையாகிவிட்டார். அந்த நிலையிலும், கலிஃபோர்னியாவின் சிக்கோ கல்லூரியில் ஜான் கார்ட்னர் நடத்திய எழுத்துக்கலை வகுப்பில் சேர்ந்தார். மாணவருக்கு வீட்டில் அமர்ந்து எழுத இடமில்லை என்பதை அறிந்த கார்ட்னர், வார இறுதி நாட்களில் எழுதுவதற்காகத் தமது அலுவலக அறையின் சாவியையே அவரிடம் கொடுத்தார்.

மாணவரின் கதையை ஆசிரியர் வரிவரியாகப் படிப்பார். கட்டாயம் நீங்க வேண்டிய சொற்களை அடித்துவிடுவார். ஐயத்திற்குரியவற்றை அடைப்புக்குறிக்குள் இட்டு, அவற்றைப் பற்றி மாணவரோடு பேசுவார். பதினைந்து சொற்களில் சொல்லக்கூடியதை அதற்கு மேல் நீட்டாதே என்பது அவரது பாடம். பிற்காலத்தில் ஒரு கதையைப் பத்துப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமலும், சில வேளைகளில் இருபது முப்பது முறையும் திருத்தி எழுதுவதாகக் கார்வர் கூறினார்.

பதிப்பாசிரியரின் கத்தரி

கார்வரின் கதைகளைப் பதிப்பித்தவர் கார்டன் லிஷ். பதினைந்து சொற்களை ஐந்தாக்கு என்பது இவரது கொள்கை. 1981-இல் வெளிவந்த கார்வரின் கதைத் தொகுதியில், மூலப்பிரதியின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை அவர் நீக்கிவிட்டார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் கார்வர் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, நூலை நிறுத்திவிடுமாறு மன்றாடினார். கதைகளின் முழு வடிவத்தைப் படித்திருந்த நண்பர்களின் முகத்தில் எவ்வாறு விழிப்பேன் என்று கலங்கினார். எனினும் நூல் வெளிவந்தது. பெரும் பாராட்டையும் பெற்றது. அந்தச் சுருக்க நடையை இன்றும் போற்றுவோர் உண்டு.

அத்தொகுதியில் இடம்பெற்ற கதைகளுள் ஒன்று 'குளியல்'. மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் செய்யச் சொல்லியிருக்கிறாள். பிறந்தநாளன்று சிறுவன் மீது கார் மோதுகிறது. மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறான். செய்தி அறியாத ரொட்டிக்கடைக்காரர், கேக்கை வாங்க எவரும் வராத கோபத்தில் அவ்வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். குளித்துவிட்டுத் திரும்பலாம் என்று தாய் வீட்டுக்கு வருகிறாள். மணி ஒலிக்கிறது. அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. பிள்ளை பிழைத்தானா என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

கார்வர் எழுதியிருந்த கதையோ அத்துடன் நிற்கவில்லை. பிள்ளை இறந்துவிடுகிறான். அழைப்பவர் யார் என்பதை உணர்ந்த பெற்றோர், சினம் பொங்க நள்ளிரவில் கடைக்குச் செல்கின்றனர். உண்மை அறிந்த கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். அவர்களை அமரச் செய்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான ரொட்டியைப் பரிமாறுகிறார். பிள்ளைகள் இல்லாத தமது தனிமையைச் சொல்கிறார். மூவரும் விடியும்வரை பேசிக்கொண்டிருக்கின்றனர்.

இந்த முழுமையான கதையை 'ஒரு சிறிய, நல்ல விஷயம்' என்ற பெயரில் கார்வர் மீண்டும் வெளியிட்டார். 1983-இல் அது ஓ. ஹென்றி பரிசுகளில் முதலிடம் பெற்றது. அவர் 1988-இல் காலமானார். அவரது மூலப்பிரதிகள் அழியாமல் இருந்ததால், லிஷின் கத்தரி படாத கதைகள் 2009-இல் தனி நூலாக வெளிவந்தன.

நாம் கற்க வேண்டியவை

லிஷின் வெட்டு கதையின் அச்சத்தைக் கூர்மையாக்கியது. அதே வெட்டு மூவரின் ஆறுதலையும் எடுத்துச் சென்றுவிட்டது. ஆகவே, ஒரு வரியை அடிக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வரி என் சொல்வளத்தைக் காட்ட நிற்கிறதா, அன்றி என் கதைமாந்தரின் உள்ளத்தைக் காட்ட நிற்கிறதா? முன்னதாயின் தயங்காமல் நீக்குங்கள். பின்னதாயின் யார் சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: 'மகனைப் பிரிந்த தாய் சொல்லொணாத் துயரக் கடலில் மூழ்கினாள்' என்று எழுதுகிறோம். சொற்கள் பெரியவை, தாயைக் காணோம். 'பெருநாளன்று அரிசி அளந்த உம்மா, கடல் கடந்து போன மகனுக்கும் சேர்த்து ஓர் உழக்கு அளந்துவிட்டு, நினைவு வந்ததும் பானையில் திருப்பிக் கொட்டினாள்' என்று மாற்றுங்கள். வரி நீண்டிருக்கிறது, தாய் கண்முன் வந்துவிடுகிறாள்.

எழுதிய கதையைச் சில நாட்கள் ஒதுக்கி வையுங்கள். பின்னர் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியமும் இடறுகிறது என்று கொள்ளுங்கள். கார்ட்னரைப் போல், ஐயமுள்ள இடங்களை அடிக்காமல் அடைப்புக்குறிக்குள் இட்டு மறுநாள் பாருங்கள். முகத்துக்காகப் புகழாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் சுட்டும் குறையைப் பொறுமையோடு கேளுங்கள். முடிவு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதற்படியைக் கிழித்தெறியாதீர்கள். கணினியில் எழுதுவோர் பழைய வடிவத்தைத் தனியே சேமித்து வையுங்கள். இன்று தவறென்று வெட்டிய பகுதி, என்றாவது ஒருநாள் உங்கள் கதையின் உயிர்நாடியாகத் தெரியக்கூடும்.