பத்தியும் தொகுப்பும்: மைல்ஸ் நா கோப்பலீனின் நகைச்சுவைப் பத்திகள் குறித்த வாசகர் கருத்துகளை மதிப்பிடல்

ஆய்வுச் சுருக்கம்

நாளிதழ்களில் வெளிவந்த நகைச்சுவைப் பத்திகள் நூலாகத் தொகுக்கப்பெற்ற பின், அவற்றைப் பற்றி வாசகர் கூறும் கருத்துகள் ஏற்பு ஆய்வுகளில் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அக்கருத்துகள் எந்தப் பனுவலைப் பற்றியவை என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அயர்லாந்தின் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் 1940 முதல் வெளிவந்த ‘குரூஷ்கீன் லான்’ பத்தியையும் அதன் தொகுப்புகளையும் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நகைச்சுவைப் பத்தி, வாசகர் கடிதம், தொகுப்பு, ஏற்பு ஆய்வு, எள்ளல், மெய்ப்பாடு.

முன்னுரை

நாவலுக்கும் கவிதைக்கும் வாசகர் கருத்து என்பது படைப்பு முடிந்த பின் வெளியிலிருந்து வந்து சேர்வது. நாளிதழ்ப் பத்தியின் நிலை வேறு. இன்று எழுதியதற்கு நாளை மறுமொழி வருகிறது. அம்மறுமொழி அடுத்த வாரப் பத்திக்குப் பொருளாகிறது. நகைச்சுவைப் பத்தியில் இவ்வுறவு மேலும் நெருக்கமானது. சிரிப்புக்கு ஆளானவர், சிரித்தவர், சிரிக்க மறுத்தவர் ஆகிய மூவருமே அதே நாளிதழின் வாசகர்கள். இவ்வுறவு அறுந்த பின் எஞ்சுவதே தொகுப்பு நூல். ஆகவே நூலைப் படித்தவரின் கருத்தையும் பத்தியைப் படித்தவரின் கருத்தையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. இதனைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டாக பிரையன் ஓ நோலனின் பத்தி அமைகிறது.

வாசகர் கடிதத்திலிருந்து பிறந்த பத்தி

பிரையன் ஓ நோலன் (1911–1966) அயர்லாந்து அரசுப் பணியில் 1935இல் சேர்ந்தவர். ஃபிளான் ஓ பிரையன் என்னும் புனைபெயரில் 1939இல் ‘அட் ஸ்விம்-டூ-பேர்ட்ஸ்’ நாவலை வெளியிட்டார். அக்காலத்தில் ‘ஐரிஷ் டைம்ஸ்’ இதழின் வாசகர் கடிதப் பகுதியில் விந்தையான சில விவாதங்கள் நிகழ்ந்தன. எழுத்தாளர்கள் ஃபிராங்க் ஓ கானரும் ஷான் ஓ ஃபெலோனும் ஈடுபட்ட ஒரு சச்சரவில், முன்பின் அறியப்படாத பெயர்களில் கடிதங்கள் வந்து குவிந்தன. 1940இன் கோடைக்காலத்தில் செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்திற்குப் போதிய கூட்டம் வரவில்லை என்பது பற்றியும், பின்னர்க் கவிஞர் பாட்ரிக் கவனா எழுதிய ஒரு நூல் மதிப்புரை பற்றியும் இதே போன்ற கடிதப் போர்கள் மூண்டன. கடிதம் எழுதியோர் ஒருவரையொருவர் மறுத்தனர். தாம் கண்டிராத பயணங்களை நினைவுகூர்ந்தனர். எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வெகுதூரம் சென்றனர். இறுதியில் கவனாவே ஒரு கடிதம் எழுதி இரண்டாம் விவாதத்தை முடித்துவைத்தார்.

இக்கடிதங்களில் கணிசமானவற்றை ஓ நோலனும் அவருடைய நண்பர்களும் புனைபெயர்களில் எழுதினர் என்பது இன்று ஆய்வாளர் அனைவரும் ஏற்ற செய்தி. அதனை அறிந்தும் கோபம் கொள்ளாத ஆசிரியர் ஆர். எம். ஸ்மைலி, அவ்வாற்றலைப் பத்தியாக்க ஓ நோலனை அழைத்தார். 1940 அக்டோபர் 4 அன்று ‘குரூஷ்கீன் லான்’ தொடங்கியது. ‘நிறைந்த சிறு குடம்’ என்பது அத்தலைப்பின் பொருள். பத்தியாளரின் பெயராக நிலைத்த ‘மைல்ஸ் நா கோப்பலீன்’, டயன் பூசிகோவின் 19ஆம் நூற்றாண்டு நாடகம் ஒன்றின் கதைமாந்தரிடமிருந்து பெறப்பட்டது.

இப்பத்தியின் தோற்றம் ஏற்பு ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கை. 1940ஆம் ஆண்டுக் கடிதப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘டப்ளின் வாசகர் செகாவை எவ்வாறு ஏற்றனர்’ என்று ஒருவர் ஆய்வேடு எழுதினால், அதில் பாதிக்குமேல் ஓர் அரசு ஊழியரின் கற்பனையைப் பற்றியதாக இருக்கும். அச்சில் வந்த வாசகர் கடிதம் என்பதாலேயே அது வாசகரின் குரலாகிவிடாது.

பத்திக்குள் அமர்ந்த வாசகர்

பத்தி தொடங்கிய பின்னும் மைல்ஸ் வாசகரைப் படைப்பதை நிறுத்தவில்லை. ‘அயர்லாந்தின் எளிய மக்கள்’ என்னும் பெயரில் ஒரு குரல் பத்தியின் நடுவே குறுக்கிடும். விளங்காத சொல்லுக்குப் பொருள் கேட்கும், சிலேடைக்குச் சலித்துக்கொள்ளும், பத்தியாளரின் புலமைப் பகட்டைத் தட்டிக்கேட்கும். அக்கால அரசியல் மேடைகளில் ‘எளிய மக்கள்’ என்பது அடிக்கடி போற்றப்பட்ட தொடர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மேடையில் தொழப்பட்டவர் பத்தியில் மந்தபுத்திக்காரராக வருகிறார். ஆயினும் பல சமயங்களில் அவர் கேட்கும் கேள்வியே நியாயமானதாக இருக்கிறது.

இதனை விளக்கத் தமிழ் மெய்ப்பாட்டு மரபு பெரிதும் துணைசெய்கிறது. நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் எள்ளலைக் கூறுகிறார். உரை வகுத்த பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளியவழித் தோன்றும் நகை, பிறரால் தான் எள்ளப்பட்டவழித் தன்னிடத்தே தோன்றும் நகை. இரண்டாவது வகையை நாம் வகுப்பறையில் விரைந்து கடந்துவிடுகிறோம். எள்ளப்பட்டவன் சினம் கொள்வதே இயல்பு. அவன் ஏன் நகைக்க வேண்டும்? மைல்ஸின் பத்தியில் இதற்கு நல்ல விடை கிடைக்கிறது. ‘ஐரிஷ் டைம்ஸ்’ படித்த நடுத்தர வகுப்பினர், ‘எளிய மக்கள்’ எனப்படுவோர் யாரோ பிறர் என்றெண்ணிச் சிரித்தனர். அது முதல் வகை. அடுத்த வரியில் தம்முடைய ஐயத்தையே அக்குரல் கேட்கக் கண்டனர். அப்போது எழுவது இரண்டாம் வகை. தாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை வாசகர் உறுதிசெய்ய இயலாதவாறு பத்தி அவரை நிறுத்திவைக்கிறது. பேராசிரியரின் பகுப்பு இன்றைய நகைச்சுவைக் கோட்பாடுகள் பலவற்றைவிட இவ்விடத்தில் கூர்மையாகப் பயன்படுகிறது என்பது என் கருத்து.

‘நூல் கையாளும் பணி’ என்னும் பத்தி வரிசையும் இங்குக் குறிக்கத்தக்கது. செல்வர் ஒருவர் அலமாரி நிறைய நூல்களை வாங்கி வைத்திருக்கிறார், ஒன்றையும் பிரித்ததில்லை. அவை படிக்கப்பட்டனவாகத் தோற்றமளிக்கச் செய்ய ஒரு சேவையை மைல்ஸ் அறிவிக்கிறார். கட்டணத்திற்கேற்ப அதில் தரங்கள் உண்டு. எளிய தரத்தில் தாள்களின் மூலைகள் மடிக்கப்பட்டு, டிராம் வண்டிச் சீட்டு போன்றவை அடையாளமாகச் செருகப்படும். உயர்ந்த தரத்தில் பத்திகள் அடிக்கோடிடப்பட்டு, ஓரங்களில் அறிவார்ந்த குறிப்புகள் எழுதப்படும். நூலாசிரியரே அன்புடன் கையொப்பமிட்டு நன்றி கூறியதாகப் போலி எழுத்தும் இடம்பெறும். வாசகர் கருத்தைக் காசுக்குத் தயாரித்துத் தரும் தொழிலே இது. வாசகர் கடிதங்களைப் புனைந்து பத்தியாளரான ஒருவர் இதை எழுதினார் என்பதை அறிந்து படிக்கும்போது, செல்வரை நோக்கிய எள்ளல் பத்தியாளரை நோக்கியும் திரும்புகிறது. தொகுப்பு நூலை மட்டும் படிப்பவருக்கு முதல் எள்ளல் முழுமையாகக் கிடைக்கும். இரண்டாவது கிடைப்பது அரிது.

நூலான பின்

முதல் தொகுப்பு 1943இலேயே டப்ளினில் வெளிவந்தது. எனினும் உலகம் அறிந்த மைல்ஸ், அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1968இல் அவருடைய தம்பி கெவின் ஓ நோலன் தொகுத்த ‘த பெஸ்ட் ஆஃப் மைல்ஸ்’ நூலின் மைல்ஸ். இந்நூல் பெரும்பாலும் தொடக்க ஆண்டுகளின் பத்திகளைத் தெரிந்தெடுத்து, கால வரிசையை விட்டுப் பொருள் வாரியாக அடுக்குகிறது. எங்கோ வாரக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தவை நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘கீட்ஸும் சாப்மனும்’ சிலேடைக் கதைகள் ‘சலிப்பூட்டுகின்றன’ என்று வாசகர் கூறுவதுண்டு. ஒரே இருக்கையில் இருபது சிலேடைகளைப் படித்தவரின் சலிப்பு அது. காலை உணவின்போது ஒன்றைப் படித்தவருக்கு அச்சலிப்பு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

இதனினும் முக்கியமானது மொழி. பத்தி ஐரிஷ் மொழியில் தொடங்கியது. ஆங்கிலம் படிப்படியாக இடம்பிடித்துப் பின்னர்ப் பெரும்பான்மையாயிற்று. ஆங்கிலச் சார்பு மிக்கதெனக் கருதப்பட்ட ஒரு நாளிதழில் ஐரிஷ் மொழியில் நகைச்சுவை வந்ததே அன்றைய வாசகரின் முதல் வியப்பு. தொகுப்புகளோ பெரிதும் ஆங்கிலப் பத்திகளால் ஆனவை. ஆகவே ‘சிறந்த ஆங்கில நகைச்சுவையாளர்’ என்னும் பிற்கால வாசகர் பாராட்டு, பத்தியின் பாதியை அறியாத பாராட்டு.

‘தொடக்கப் பத்திகளே சிறந்தவை, பின்னர்க் கசப்பு மிகுந்துவிட்டது’ என்பது பரவலான மற்றொரு கருத்து. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் தொகுப்பாளர் தொடக்கப் பத்திகளையே தெரிந்தெடுத்தார். வாசகர் அவற்றையே படித்தனர். படித்தவற்றைச் சிறந்தவை என்றனர். தொகுப்பாளரின் மதிப்பீடு வாசகர் வாயிலாக எதிரொலிப்பதை நாம் தனிச் சான்றாக எண்ணிக்கொள்கிறோம்.

பிற்காலப் பத்திகளுக்கும் கூர்ந்த வாசகர் இருந்தனர். அரசியல்வாதிகளைச் சீண்டிய பத்திகள் ஆட்சியாளரின் சினத்தைத் தூண்டின. 1953இல் ஓ நோலன் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். கடிதமாக அச்சேறாத வாசகர் கருத்து அது.

தமிழ்ச் சூழலுக்குப் பொருத்துதல்

தமிழ் இதழியலிலும் பத்திக்குள் வாசகரை அமர்த்தும் மரபு உண்டு. ‘சுதேசமித்திர’னில் பாரதியார் எழுதிய ‘தராசு’ பகுதியில் கடைக்கு வருவோர் கேள்வி கேட்பர். தராசு விடை கூறும். கல்கி ‘ஆனந்த விகட’னில் ‘கர்நாடகம்’ என்னும் பெயரில் ‘ஆடல் பாடல்’ எழுதினார். இவற்றை இன்று நூல்வழிப் படிப்போரின் கருத்துகள், பத்தி வந்த நாளின் செய்தியையும் பக்கத்தையும் அறியாதவை. ‘வயிறு குலுங்கச் சிரித்தேன்’ என்னும் தேய்ந்த தொடரோ, எழுதியவர் படித்தார் என்பதைத் தவிர வேறெதையும் அறிவிப்பதில்லை. எந்த வரியில் சிரித்தார் என்பதே ஆய்வாளருக்கு வேண்டுவது.

அதற்குரிய சான்று தமிழில் ஒன்றுண்டு. வார இதழ்களின் தொடர்களையும் கட்டுரைகளையும் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்திருந்த குடும்பங்கள் பல. அவை வாசகரே செய்த தொகுப்புகள். பதிப்பாளரின் தெரிவு அவற்றில் இல்லை. பின்பக்கத்து விளம்பரமும் பாதி அறுந்த துணுக்கும் அப்படியே கிடக்கும். சிலவற்றின் ஓரங்களில் பென்சில் கோடுகளும் ஆச்சரியக்குறிகளும் காணப்படும். ஏற்பு ஆய்வாளர் இவற்றைப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து மீட்டு, அச்சிட்ட தொகுப்புடன் ஒப்பிட வேண்டும். இக்குறிகள் மைல்ஸின் சேவையகத்தில் கட்டணம் செலுத்திப் பெற்றவை அல்ல.