போட்ட காசு வந்தால் போதும்

ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் பங்கு விலைச் சார்ட்டைக் கைபேசியில் திறந்து, விரலால் இழுத்துக்கொண்டே 2010 நவம்பருக்குப் போனால் விலை சுமார் 350 ரூபாய் என்று காட்டும். அந்த விலைக்கு அன்று யாரும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் கொடுத்தது பங்குக்கு 3,500 ரூபாய். 2014 நவம்பரில் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரித்தார்கள். அதன்பின் பழைய விலைகளையெல்லாம் பத்தால் வகுத்துத்தான் சார்ட்டில் போடுகிறார்கள். வகுக்காமல் விட்டால், ஒரே நாளில் நாட்டின் மிகப்பெரிய வங்கி தொண்ணூறு சதவீதம் சரிந்ததுபோல ஒரு பள்ளம் தெரியும். சார்ட்டை நம்புவதற்கு முன் அதில் எது திருத்தப்பட்டது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வங்கியின் லாப நஷ்டக் கணக்கைத் தொடாமல், விலையும் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் விட்டுச்சென்ற தடத்தை வைத்து அடுத்த அடியைக் கணிப்பதற்குப் பெயர் டெக்னிக்கல் அனாலிசிஸ். இதைக் கலை என்று சொல்லலாம். அறிவியல் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சார்ட்டில் வரிசையாக நிற்கும் பச்சை, சிவப்புக் கட்டைகள் கேண்டில்கள். ஜப்பானின் அரிசிச் சந்தையிலிருந்து வந்த முறை இது என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வியாபாரி ஹோம்மா முனேஹிசாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் கேண்டில் வரைந்தார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. சந்தை திறந்த விலை, மூடிய விலை, இடையில் தொட்ட உச்சம், தாழ்வு என ஒரு நாளின் நான்கு எண்கள் ஒரு கேண்டிலில் அடங்கிவிடுகின்றன. திறந்த விலைக்கும் மூடிய விலைக்கும் நடுவில் தடித்த உடல். மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடு திரி. உடல் சிறுத்துக் கீழ்த்திரி மட்டும் நீண்டிருந்தால், பகலில் விற்றுத் தள்ளியவர்களைச் சந்தை மூடுவதற்குள் வாங்குபவர்கள் சமாளித்துவிட்டார்கள் என்று பொருள்.

ஒற்றைக் கேண்டிலை வைத்து ஜோசியம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. இந்தப் பங்கின் சார்ட்டை மாதத்துக்கு ஒரு கேண்டிலாகச் சுருக்கிப் பார்க்கும்போதுதான் சுவாரசியம் தொடங்குகிறது. 2010-லிருந்து 2021 தொடக்கம் வரை பங்கு ஒரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தது தெரியும்.

அறையின் தரை 150 ரூபாயை ஒட்டி இருந்தது. ரூபாய் மதிப்பு சரிந்த 2013 ஆகஸ்டில் விலை அங்கே வந்து நின்றது. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளின் கடன் ஏடுகளையும் கிளறி, ஒளிந்திருந்த வாராக்கடன்களை வெளியே எடுக்க வைத்தபோது, 2016 பிப்ரவரியில் மறுபடியும் அங்கேயே வந்தது. கொரோனாவால் கடன் தவணைகளைத் தள்ளிவைத்திருந்த 2020 மே மாதத்தில் மூன்றாவது முறை. மூன்று தடவையும் காரணம் வேறு, இடம் ஒன்று. டிரேடர்கள் இதைச் சப்போர்ட் என்கிறார்கள்.

கூரை 350 பக்கம். 2015 ஜனவரியில் அதன் அருகே போய்த் திரும்பியது. 2017 அக்டோபர் 24 அன்று அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் சேர்க்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. மறுநாள் இந்தப் பங்கு ஒரே தாவலில் 27 சதவீதம் ஏறியது. முந்தைய நாள் விலைக்கும் அன்றைய திறப்பு விலைக்கும் நடுவே சார்ட்டில் ஒரு வெற்றிடமே விழுந்தது. கேப் அப் என்பார்கள். முதல் நாள் மாலை சார்ட்டை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. முடிவு எடுக்கப்பட்ட இடம் டெல்லி. ஆனால் அவ்வளவு வேகமாக வந்த விலையும் சில நாட்களில் 350-ஐத் தொட்டு, அங்கேயே மூச்சு வாங்கித் திரும்பிவிட்டது.

அந்த உயரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? 2010-இல் 3,500 கொடுத்து வாங்கி, ஏழு வருடம் நஷ்டத்தைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள். லாபமே வேண்டாம், போட்ட காசு வந்தால் போதும் என்று காத்திருந்தவர்கள். விலை அசலைத் தொட்டதும் விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள். ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த சரியான விளக்கம் இதுதான். கோட்டுக்குச் சக்தி எதுவும் இல்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்களின் ஞாபகம்தான் விலையைத் தடுக்கிறது. அதனால்தான் அது அளவுகோல் வைத்துக் கிழித்த கோடாக இருப்பதில்லை. 2019 ஜூலையில் விலை 370-ஐ எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. அதைக் கூரையின் உடைப்பு என்று நம்பி வாங்கியவர்கள் அடுத்த கூட்டமாக அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

உண்மையான உடைப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. பட்ஜெட்டும் காலாண்டு முடிவும் ஒரே வாரத்தில் வர, பங்கு பெரும் வால்யூமுடன் பழைய கூரையைத் தாண்டியது. வால்யூம், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, முக்கியம். விற்கக் காத்திருந்த எல்லோரிடமும் வாங்கித் தீர்க்கிற அளவுக்கு ஆள் இருந்தால்தான் கூரை பெயரும். ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்ததும் விலை 350-க்குக் கீழே இறங்கி மீண்டது. பழைய கூரை ஏறக்குறைய புதிய தரை ஆகிவிட்டது.

மூவிங் ஆவரேஜ் பற்றி இரண்டு வார்த்தை. கடந்த 200 நாள் மூடிய விலைகளின் சராசரியைத் தினமும் கணக்கிட்டு இழுக்கும் கோடு அது. விலை ஒரே திசையில் ஓடும்போது உதவும். அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பத்து வருடங்களில் அதைப் பார்த்து வாங்கி விற்றவர், பெரும்பாலும் தரகுக் கட்டணம் கட்டியதுதான் மிச்சம். ஆர்.எஸ்.ஐ. என்பது 1978-இல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் அறிமுகப்படுத்திய அளவை. 14 நாள் ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஒரு எண் தரும். 70-க்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள் என்பது வழக்கமான வாசிப்பு. வலுவான ஏற்றத்தில் அது வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மேலே நான் கிழித்த கூரையும் தரையும் நடந்து முடிந்ததைப் பார்த்துக் கிழித்தவை. 2016 பிப்ரவரியில் உட்கார்ந்திருந்தவருக்கு 150 தரையா, படுகுழியின் விளிம்பா என்று தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ள டிரேடர் வாங்கும்போதே ஸ்டாப் லாஸ் போடுகிறார்: இந்த விலைக்குக் கீழே போனால் என் கணிப்பு தப்பு, விற்றுவிடு. 2021-22 முதல் 2023-24 வரை பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-இல் சொன்னது. அவர்களில் பலருடைய திரையிலும் இதே கோடுகள் இருந்திருக்கும்.

2024 ஜூன் 3, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக் கணிப்புகளுக்கு அடுத்த வர்த்தக நாள். ஸ்டேட் பேங்க் பங்கு அதுவரை காணாத உச்சமாக 912 ரூபாயைத் தொட்டது. பாடப்புத்தகப்படி அருமையான உடைப்பு. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பங்கு சுமார் 14 சதவீதம் சரிந்தது. அன்றைய நீளச் சிவப்புக் கேண்டிலை இன்றும் சார்ட்டில் தேடாமலே காணலாம். முதல் நாள் உச்சியில் வாங்கியவர்கள் அசலைப் பார்க்க 2025 அக்டோபர் வரை காத்திருந்தார்கள்.