வலிப்பு நோய் ஆய்வும் மேற்கோள் கணக்கும்: 'எச்-குறியீடு' சொல்லாதது என்ன?

திருவனந்தபுரம்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பது, பதவி உயர்வு, ஆய்வு நிதி போன்ற முடிவுகளில் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

இதற்கான 'எச்-குறியீடு' முறையை 2005-ஆம் ஆண்டு இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டால் அவரது குறியீடு 20-ஐ எட்டும். ஒரே கட்டுரை 1,000 முறை காட்டப்பட்டு, மற்றவை கவனம் பெறாவிடில் குறியீடு 1 மட்டுமே.

இவ்வெண்ணில் அடங்காத பயனும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் நரம்பியல் நிபுணர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, மத்திய கேரளத்தில் 2,38,102 பேரை உள்ளடக்கி வீடு வீடாகக் கணக்கெடுத்தது. 1,175 பேருக்கு வலிப்பு நோய் இருப்பதும், சுமார் 38 சதவீதத்தினர் சிகிச்சை பெறாததும் தெரியவந்தன. 2000-இல் 'எபிலெப்சியா' இதழில் வெளியான இந்த ஆய்வு, வெளியீட்டுப் பட்டியலில் ஒரே ஒரு கட்டுரைதான்.

அதே நிறுவனத்தில் மருத்துவர் சஞ்சீவ் வி.தாமஸ் 1998-இல் தொடங்கிய பதிவேடு, வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளையும் அவர்களின் குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கிறது. கருவுறும் முன்பே ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க இத்தகைய தரவுகள் உதவுகின்றன.

மேற்கோள் எண்ணிக்கை சக ஆய்வாளர்களின் கவனத்தையே அளக்கும். பொன்முடி அடிவாரத்தில் உள்ள கல்லாறு போன்ற சிற்றூரின் நோயாளிக்குச் சிகிச்சை எட்டியதா என்பதை அது காட்டாது. இதழின் பெருமையைக் கொண்டன்றி, ஆய்வின் உள்ளடக்கத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் வலியுறுத்துகிறது.