கேமரன் மலைக்கு மின்சார ஸ்போர்ட்ஸ் காரில்... ஏறுவது சுலபம், இறங்குவது?

மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நண்பருடைய காராக இருக்கலாம், வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம்.

ஊருக்குள் அரை மணி நேரம் சுற்றிவந்தால் ஒன்றுதான் தெரியும். பச்சை விளக்கு வந்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். "செம பிக்கப்!" என்பீர்கள். அவ்வளவுதான்.

கார் உண்மையில் எப்படி என்று தெரிந்துகொள்ள மேடும் வளைவும் உள்ள சாலை வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு வழியில்லை. இங்கே ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே சுமார் 164 மீட்டர்தான்.

அதனால் மலேசியாவின் மலைப்பாதைகளை நாடுவோர் பலர். அவற்றில் ஒன்று, பேராக்கின் தாப்பாவிலிருந்து பாஹாங்கின் தானா ராத்தாவுக்குச் செல்லும் பழைய கேமரன் மலைச் சாலை. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். சமவெளியில் தொடங்கி ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏறும்.

"பாதி வழியில பேட்டரி தீர்ந்துடுமா?" என்பதே கிளம்பும் முன் பலரும் கேட்கும் கேள்வி. உண்மையில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: திரும்பி இறங்கும்போது பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது?

ஏன் அப்படி? பார்ப்போம்.

ஸ்போர்ட்ஸ் கார்தானே, ஏன் இவ்வளவு எடை?

மின்சார ஸ்போர்ட்ஸ் கார் புதிய விஷயமில்லை. டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டர் 2008இலேயே விற்பனைக்கு வந்தது. பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் தயாரித்த எலிஸ் காரை அடிப்படையாகக் கொண்டது அது. அந்தக் காலகட்டத்தில் லோட்டஸ், மலேசியாவின் புரோட்டோன் கையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாத தகவல்.

ரோட்ஸ்டரின் எடை சுமார் 1,300 கிலோ. இன்றைய கார்கள் வேறு ரகம். 2019இல் அறிமுகமான போர்ஷே டைக்கானின் டர்போ எஸ் ரகம் சுமார் 2,300 கிலோ. ஹியூண்டாய் ஐயோனிக் 5 என் சுமார் 2,200 கிலோ. மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் இரண்டை நிறுத்தினால் வரும் எடை அது!

காரணம் பேட்டரி. அது தரையோடு தரையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் ஒரு நன்மை உண்டு. எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் கார் அவ்வளவாகச் சாய்வதில்லை. ஓட்டுபவருக்கு லேசான காரை ஓட்டுவதுபோல் தோன்றும்.

அந்த உணர்வை நம்பி ஏமாந்துவிடக்கூடாது. சாலையைப் பிடித்துக்கொண்டிருப்பது 4 டயர்கள் மட்டுமே. 2,200 கிலோவையும் அவைதான் வளைவில் திருப்பவேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கவேண்டிய வளைவை 60இல் எடுத்தால் டயர்கள் மீதான பக்கவாட்டு அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டே கால் மடங்காகிறது. மலையில் மழை பெய்து சாலையில் இலைகளும் மண்ணும் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஏறும்போது பேட்டரி எவ்வளவு குறையும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படவேண்டாம், உயர்நிலைப்பள்ளி இயற்பியல்தான்.

ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ எடையுள்ள காரை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 8.4 கிலோவாட்-மணி ஆற்றல் தேவை. கிலோவாட்-மணி என்பது நம் வீட்டு மின்கட்டண ரசீதில் வரும் அதே அலகுதான்.

டயரின் உராய்வு, காற்றின் தடை, குளிரூட்டி, மோட்டாரில் வீணாகும் வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்தால் நிதானமாக ஏற சுமார் 16, 17 கிலோவாட்-மணி ஆகலாம். 84 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள காரில் அது ஐந்தில் ஒரு பங்கு.

ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் வேகமிதியை முழுதாக அழுத்தினால் கணக்கு மாறும். பேட்டரி வேகமாகக் குறையும், சூடும் ஏறும். அளவுக்கு மீறிச் சூடானால் கார் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை, பேட்டரியைக் காப்பாற்றும் ஏற்பாடு.

ஆகமொத்தம், தாப்பாவில் பாதிக்குமேல் பேட்டரி இருந்தால் ஏறுவது பெரும்பாலும் பிரச்சினையில்லை.

இறங்கும்போது என்ன நடக்கிறது?

மேலே ஏற்றிய அந்த 8.4 கிலோவாட்-மணி எங்கும் போய்விடவில்லை. கார் உச்சியில் நிற்கும்போது அது உயரமாகச் சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது அது எப்படியாவது வெளியேறியாகவேண்டும்.

அது எவ்வளவு ஆற்றல் தெரியுமா? அறை வெப்பநிலையில் உள்ள சுமார் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது.

அதில் ஒரு பகுதி உராய்விலும் காற்றுத் தடையிலும் போய்விடும். மிச்சத்தை யாராவது வாங்கிக்கொள்ளவேண்டும்.

பெட்ரோல் காரில் கியரைக் குறைத்தால் எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் தாங்காததை பிரேக் தாங்கும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடாகும். கருகும் வாடை வரும். பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது.

மின்சாரக் காரில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. வேகமிதியிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மெதுவாக அழுத்தினாலோ, சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் மின்னாக்கியாக மாறி, வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். கார் வேகம் குறையும். ஓட்டுநர்கள் 'ரீஜென்' என்று சொல்வது இதைத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இது பலமாக இருக்கும். தொடக்ககால டைக்கானில் இப்படி 265 கிலோவாட் வரை திருப்பியெடுக்க முடிந்தது. பொது இடங்களில் நாம் பார்க்கும் பல அதிவிரைவு மின்னூட்டிகளைவிட அது அதிகம். 2024இல் வந்த மேம்பட்ட மாடலில் அது 400 கிலோவாட்டாக உயர்ந்தது. அன்றாட ஓட்டத்தில் சுமார் 90 விழுக்காட்டு பிரேக்கிங்கை மோட்டாரே பார்த்துக்கொள்ளும் என்கிறது போர்ஷே.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு நிதானமாக இறங்கினால் பேட்டரி குறையாமல் இருக்கலாம், ஓரிரு விழுக்காடு கூடியும் இருக்கலாம். "இறங்கினா சார்ஜ் ஏறுதே!" என்று முதன்முறை பார்ப்பவர்கள் வியப்பது இதனால்தான்.

பேட்டரி ஏற்கனவே நிறைந்திருந்தால்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரியும் அப்படித்தான். 100 விழுக்காட்டை நெருங்கும்போது அதனால் மின்சாரத்தை வேகமாக ஏற்றுக்கொள்ள இயலாது. கார் ரீஜென்னைக் குறைத்துவிடும், சில நேரம் கிட்டத்தட்ட நிறுத்திவிடும்.

இப்போது இப்படி யோசித்துப் பாருங்கள். மாலையில் மலை உச்சிக்கு வந்து சேர்கிறீர்கள். ஹோட்டலில் மின்னூட்டி இருக்கிறது. "நாளைக்குத் தூரமாச்சே, ஃபுல்லா போட்டுக்கலாம்" என்று இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள். காலையில் 100 விழுக்காடு. மனத்துக்கு நிம்மதி.

தானா ராத்தாவை விட்டு ரிங்லெட் பக்கம் கிளம்பிய சிறிது நேரத்திலேயே இறக்கம் வந்துவிடும். நேற்று வரை காலை எடுத்ததும் வேகம் குறைந்த கார், இன்று உருண்டுகொண்டே போகும். நேற்றுப் பழகிய கால், இன்று முதல் வளைவில் தடுமாறும்.

சில கார்கள் இந்தக் குறையைச் சாதாரண பிரேக்கைக் கொண்டு தாமே ஈடுசெய்யும். மிதியில் வித்தியாசம் தெரியாது. வேறு சில கார்களில் அந்த வசதி கிடையாது, திரையில் ஒரு சின்ன எச்சரிக்கை மட்டுமே வரும். எதுவானாலும் 2 டன்னுக்கும் அதிகமான காரின் சுமை முழுவதும் பிரேக் தகடுகள் மீதுதான் விழும்.

தீர்வு மிக எளிது. மலைமேல் மின்னூட்டும்போது 80 அல்லது 85 விழுக்காட்டில் நிறுத்துங்கள். பெரும்பாலான கார்களின் திரையிலோ செயலியிலோ அந்த வரம்பை முன்கூட்டியே வைத்துவிடலாம். மீதம் தேவையென்றால் தாப்பாவில் நெடுஞ்சாலையைத் தொடும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

"அதான் ரீஜென் இருக்கே, பிரேக் எதுக்கு?"

அவசரத்தில் காரை நிறுத்துவது சாதாரண பிரேக்தான். ஆனால் மின்சாரக் காரில் அதற்கு வேலை குறைவு என்பதால் இரண்டு சிக்கல்கள் வரலாம்.

ஒன்று, தகடுகளில் துருப் படியலாம். நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு, பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது சீக்கிரம் கொதிக்கும். பிரேக்கையே பயன்படுத்தாவிட்டாலும் எண்ணெய் பழசாகும். காரின் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுவது நல்லது.

மலை இறக்கம் விளையாட்டில்லை. 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். பேருந்து வேறு, கார் வேறு. ஆனால் உயரத்தில் சேர்ந்த ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளியேற்றவேண்டும் என்ற விதி எல்லா வாகனத்துக்கும் ஒன்றுதான்.

சத்தமில்லாதது நல்லதா, கெட்டதா?

லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது சன்னலைத் திறந்தால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பூச்சிகளின் இரைச்சல் கேட்கும். பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரில் இது கிடைக்காது.

ஆனால் உங்களுக்கு எஞ்சின் சத்தம் கேட்காததுபோல, சாலையோரத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காது. அந்தப் பாதையில் ஓராங் அஸ்லி மக்களின் வீடுகளும் கடைகளும் உண்டு. பெத்தாய், தேன் விற்பவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் நடந்துபோவார்கள். எதிரே காய்கறி லாரி வரலாம். எதிர்ப்பக்கம் தெரியாத வளைவுகளில் ஹார்ன் ஒருமுறை அடிப்பது மரியாதைக் குறைவில்லை, அக்கறை.

எஞ்சின் சத்தம் இல்லாததால் வேகமும் தெரியாது. பெட்ரோல் காரில் காது சொல்லும், இதில் கண்தான் பார்க்கவேண்டும். ஐயோனிக் 5 என் காரில் செயற்கைச் சத்தமும், கியர் மாறுவதுபோன்ற சிறு குலுக்கலும் கொடுத்திருக்கின்றனர். சிலருக்கு அது விளையாட்டுச் சாமான்போலத் தோன்றலாம். ஆனால் வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைகிறோம் என்று உணர அது உதவவும் செய்யும்.

கிளம்புமுன் இவற்றைப் பாருங்கள்

- தாப்பாவில்: டயர் காற்றழுத்தம், பேட்டரி அளவு. பாதிக்குமேல் இருப்பது நல்லது.
- ஏறும்போது: பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். நடுக்கோட்டைத் தாண்டி வளைவை 'வெட்ட' வேண்டாம்.
- மேலே: மின்னூட்ட வரம்பு 80 முதல் 85 விழுக்காடு.
- இறங்குமுன்: ரீஜென்னைக் கூடுதல் அளவில் வையுங்கள். சமதரையில் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். திரையில் எச்சரிக்கை உண்டா என்று கவனியுங்கள்.
- இறங்கும்போது: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஈரச்சாலையில் வேகமிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெதுவாக எடுங்கள்.
- கனமழையில்: பயணத்தைத் தள்ளிவையுங்கள். மலைச்சாலைகளில் நிலச்சரிவு அபாயம் உண்டு.

அப்போ, கார் எப்படி?

இறங்கி முடித்துத் தாப்பாவில் தே தாரேக் குடிக்கும்போது நண்பர்கள் கேட்பார்கள். "பூஜ்யத்திலிருந்து 100க்கு எத்தனை விநாடி?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

அந்த எண் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதற்கு மலை ஏறத் தேவையில்லை.

நீங்கள் சொல்ல வேறு விஷயங்கள் இருக்கும். உச்சியில் எத்தனை விழுக்காடு இருந்தது, அடிவாரத்தில் எத்தனை, வழியில் பிரேக்கை எத்தனை முறை உண்மையாகவே அழுத்தவேண்டியிருந்தது... 60 கிலோமீட்டர் இறங்கியும் பிரேக் தகடுகள் அதிகம் சூடேறாமல் இருந்தால் காரும் நல்ல கார், ஓட்டியவரும் நல்ல ஓட்டுநர்.